துருவிப் போட்ட மருந்து

பேருந்து நிற்பதற்கு முன்பே இறங்கிவிடுவார். தேநீர் ஆறுவதற்கு முன்பே குடித்து நாக்கைச் சுட்டுக்கொள்வார். எதிராளி கேள்வியை முடிப்பதற்குள் தப்பான பதிலைச் சொல்லிவிடுவார். அவருக்கு எக்ஸ்பிரஸ் என்று பட்டப்பெயர் வைத்தது யார் என்று தெரியவில்லை. யார் வைத்திருந்தாலும் யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள். வீட்டில் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

அப்படிப்பட்ட மனிதருக்கு ஐம்பதை நெருங்குகிற வயதில் உலகத்திலேயே மெதுவான வேலை வந்து வாய்த்தது. மெழுகுக் கட்டையைக் கயிற்றில் கட்டிக் குழாய்க்குள் இறக்க வேண்டும். இறக்கிவிட்டுக் காத்திருக்க வேண்டும். இறக்குவதற்கு ஒரு காலைப்பொழுது போதும். காத்திருப்பது வருஷக்கணக்கில்.

விஷயம் இதுதான். ஒரு சந்தின் மேட்டுப்பக்கம் பட்டறை ஒன்று இருந்தது. இரும்புச் சாமான்களில் ஒட்டியிருக்கும் எண்ணெய்ப் பிசுக்கை அங்கே ஏதோ ஒரு திரவத்தில் முக்கிக் கழுவுவார்கள். கழுவிய கழிவை வருஷக்கணக்காகப் பின்புறத்துக் குழியில் ஊற்றினார்கள். பட்டறையை மூடிக்கொண்டு போனவர்கள் குழியை எடுத்துக்கொண்டு போகவில்லை. ஊற்றியதெல்லாம் மண்ணுக்குள் இறங்கி, நிலத்தடித் தண்ணீரோடு கைகோத்து, சரிவு பார்த்து நடந்து, கீழே இருந்த வீடுகளின் கிணறுகளில் சொல்லாமல் கொள்ளாமல் குடியேறிவிட்டது. பார்த்தால் ஒன்றும் தெரியாது. தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும்.

அந்தச் சந்தின் கடைசி வீடு எக்ஸ்பிரஸின் மாமியாருடையது. கிணற்றுத் தண்ணீரில் ஏதோ தித்திப்பாக ஒரு வாடை வருகிறது என்று முதன்முதலில் சொன்னது அந்த அம்மாதான். பரிசோதனை செய்ய ஆட்கள் வருவதற்கு ஒரு வருஷம் முன்னாலேயே சொன்னார். மகளிடம் சொன்னார். மகள் தன் வீட்டுக்காரரிடம் சொன்னாள். வீட்டுக்காரர் அந்தப் பேச்சு முடிவதற்குள் சிரித்துவிட்டார்.

"உங்கம்மா மூக்கைக் கழட்டிப் போலீஸ்ல குடுத்துடு. மோப்ப நாய்க்கெல்லாம் லீவு விட்டுடலாம்."

ஒரு தடவை சொன்னதோடு விட்டிருந்தால் போயிருக்கும். எக்ஸ்பிரஸுக்கு நல்ல ஜோக் கிடைப்பது அபூர்வம், அதனால் கிடைத்ததை விடவில்லை. சாப்பிடும்போது சொன்னார். வந்தவர் போனவர் முன்னால் சொன்னார். மாமியாரே வந்திருந்தபோது வாயால் சொல்லாமல் மூக்கைத் தொட்டுக் காட்டினார். மனைவி ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை என்பதைக் கவனிக்க அவருக்கு நேரம் இருக்கவில்லை.

பிறகு பரிசோதனை நடந்தது. சந்தில் இருந்த கிணறுகளுக்கெல்லாம் பலகை போட்டு மூடி, சிவப்புச் சாயத்தில் பெருக்கல் குறி போட்டுவிட்டுப் போனார்கள். அன்று சாயங்காலமே மனைவி பையில் துணி அடுக்கத் தொடங்கினாள். தெருமுனைத் தொட்டியிலிருந்து தண்ணீர் தூக்கிவர அம்மாவால் முடியாது, துணைக்குப் போகிறேன் என்றாள். எப்போது திரும்புவாய் என்று கேட்டதற்கு, பையின் ஜிப்பை இழுத்தபடியே, குரலில் ஒரு துளி கோபம் இல்லாமல் பதில் சொன்னாள்.

"எங்கம்மா அந்தக் கிணத்துல ஒரு வாய் குடிச்சிட்டு, நல்லாருக்குன்னு சொல்லட்டும். அன்னிக்கு வர்றேன்."

கத்தியிருந்தால் எக்ஸ்பிரஸ் பதிலுக்குக் கத்திவிட்டுத் தூங்கப் போயிருப்பார். கத்தாததால் விடிய விடிய விழித்துக் கிடந்தார்.

ஆளில்லாத வீட்டில் அவர் பட்ட பாட்டைச் சொன்னால் எதிரிக்கும் இரக்கம் வரும். அவசரத்தில் அரிசியை வேகவிடாமல் இறக்குவார், மறுநாள் அதற்குப் பரிகாரமாகக் கருகவிடுவார். பேச்சுத் துணைக்கு அடுப்புதான். அந்தச் சந்தைச் சுத்தம் செய்ய ஆள் எடுக்கிறார்கள் என்று காதில் விழுந்ததும், பார்த்துக்கொண்டிருந்த கட்டட வேலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடினார். அங்கே இருந்த மேஸ்திரி பழக்கமானவர். எக்ஸ்பிரஸை மேலும் கீழும் பார்த்துவிட்டு, இது ஓட்டப்பந்தயம் இல்லப்பா என்றார். தெரியும் என்றார் எக்ஸ்பிரஸ். அவருக்குத் தெரியாது.

வேலையை நடத்தியவர் ஒரு பெண் பொறியாளர். எல்லோருக்கும் அவர் மேடம். முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, சேற்றில் யாருக்கும் முன்னால் இறங்குகிறவர். சந்தின் குறுக்கே வேலி போட்டாற்போல வரிசையாகத் துளை போட்டுக் குழாய் இறக்கியிருந்தார்கள். குழாய்க்குள் இறக்க வேண்டிய கட்டைகள் பெட்டி பெட்டியாக வந்திருந்தன. முழங்கை நீளம், கறுப்போடிய ஊதா நிறம். திரி வைக்க மறந்துபோன மெழுகுவர்த்தி மாதிரி இருந்தன. மெழுகுக்குள்ளே பெர்மாங்கனேட் என்கிற மருந்துப் பொடி. மெழுகு பொடியை இறுக்கிப் பிடித்திருக்கும். தண்ணீர் நக்கி நக்கி எடுக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்கும். இந்த வேலியைத் தாண்டுகிற தண்ணீரில் இருக்கிற விஷம் அங்கேயே உடைந்துபோகும், தாண்டிய தண்ணீர்தான் வீட்டுக் கிணறுகளுக்குப் போகும் என்று மேடம் விளக்கினார்.

எவ்வளவு நாள் ஆகும் என்று எக்ஸ்பிரஸ் கேட்டார். ஒரு கட்டை கரைந்து முடியவே வருஷத்துக்கு மேல் ஆகும், கிணறு தெளிய இன்னும்கூட ஆகலாம் என்றார் மேடம். காதில் தண்ணீர் போனவர் மாதிரி எக்ஸ்பிரஸ் தலையைச் சாய்த்துத் தட்டிப் பார்த்துக்கொண்டார். பொடியை மொத்தமாகக் கொட்டினால் ஒரே நாளில் முடிந்துவிடாதா என்று அடுத்த கேள்வி.

"அன்னிக்கு முடிஞ்ச மாதிரிதான் தெரியும்ணே" என்றார் மேடம். "கீழ இருக்கிற களிமண்ணு இத்தனை வருஷமா அதைக் குடிச்சுக் குடிச்சு வெச்சிருக்கு. மெதுவாத்தான் கக்கும். அது கக்கி முடிக்கிற வரைக்கும் மருந்து அங்கயே இருக்கணும்ல."

நியாயமான பேச்சு. ஆனால் மெதுவா என்ற சொல்லோடு எக்ஸ்பிரஸின் காது அடைத்துக்கொண்டது. மீதி உள்ளே போகவில்லை.

அன்றிலிருந்து தினமும் காலையில் வந்ததும் முதல் வேலையாகக் கயிற்றை இழுத்துக் கட்டையை வெளியே எடுத்து, இளைத்திருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் கீழே விடுவார். சும்மா சும்மா தூக்கிப் பார்த்தால் அதற்குக் கூச்சமாக இருக்கும், அப்புறம் கரையவே கரையாது என்று மேஸ்திரி பொறுமையாக எடுத்துச் சொன்னார். கூட வேலை செய்தவர்கள் ஒருபடி மேலே போய், கட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தாலாட்டுப் பாடச் சொன்னார்கள். எக்ஸ்பிரஸ் முறைத்தார். முறைத்த கையோடு இன்னொரு கயிற்றை இழுத்தார்.

மத்தியானத்தில் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு மாமியார் வீட்டுக்குப் போவார். அங்கேதான் உண்மையான சோதனை. மனைவி கதவைத் திறந்து, "வாங்க, உக்காருங்க" என்பாள். மின்விசிறியைப் போடுவாள். தண்ணீர் வைப்பாள். வேலையெல்லாம் எப்படிப் போகிறது என்று விசாரிப்பாள். குறை சொல்ல ஒன்றுமில்லை. இன்ஷூரன்ஸ்காரர் வந்தாலும் இப்படித்தான் உபசரிப்பாள். இருபது வருஷம் சேர்ந்து வாழ்ந்த பெண் தன்னை இவ்வளவு மரியாதையாக நடத்துவதைத் தாங்க முடியாமல், எக்ஸ்பிரஸ் சோற்றை மெல்லாமல் விழுங்கிவிட்டு எழுந்துவிடுவார்.

ஒருநாள் பெட்டி இறக்கும்போது, மற்றவர்கள் கை கொடுப்பதற்குள் தானே தூக்கப் போய் எக்ஸ்பிரஸ் ஒரு பெட்டியைக் கீழே போட்டார். இரண்டு கட்டைகள் முறிந்துவிட்டன. உடைந்ததைத் தனியாக வையுங்கள், திருப்பி அனுப்ப வேண்டும் என்றார் மேடம். ஓரமாகக் கொண்டுபோய் வைக்கும்போதுதான் எக்ஸ்பிரஸ் முறிந்த இடத்தைப் பார்த்தார். உள்ளே மருந்து மணி மணியாக மின்னியது. இவ்வளவு மருந்து உள்ளே சும்மா உட்கார்ந்திருக்கிறது. மெழுகுதான் தடுக்கிறது. மெழுகைத் துருவிவிட்டால்?

அவருக்கு ஒரு யோசனை வந்தால் அது பழுக்கிற வரைக்கும் வைத்திருக்கிற வழக்கம் இல்லை. துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு மாமியார் வீட்டுக்குப் போனார். பெண்கள் இரண்டு பேரும் தெருமுனைத் தொட்டியில் தண்ணீருக்காக வரிசையில் நின்றார்கள். சமையலறை ஆணியில் கேரட் துருவி தொங்கியது. கொல்லைப்புறத்தில் குந்திக்கொண்டு இரண்டு கட்டைகளையும் துருவித் தள்ளினார். கையுறை போட்டால் துருவுவது மெதுவாக நடக்கிறது என்று அதைக் கழற்றி வைத்துவிட்டார். துருவலை ஒரு பழைய துணிப்பையில் போட்டு, கூடவே ஒரு கல்லையும் போட்டுக் கட்டி, பலகையை நகர்த்தி, கிணற்றுக்குள் விட்டார். தொளக் என்று ஒரு சத்தம். பலகையை மூடினார். துருவியைக் கழுவி ஆணியில் மாட்டினார். கழுவியதாக நினைத்தார்.

மறுநாள் மத்தியானம் அவர் போனபோது கதவைத் திறந்தது மாமியார். கையில் துருவி இருந்தது. வெள்ளிபோல இருந்த துருவி, பற்களின் இடுக்கெல்லாம் அடர்ந்த காப்பி நிறத்தில் இருந்தது.

"மாப்ள, துருவிக்கு மருதாணி வெச்சு விட்டது யாருன்னு தெரியல" என்றார் அத்தை. "நல்லா செவந்திருக்கு."

எக்ஸ்பிரஸ் தன் கைகளைப் பின்னால் மறைத்துக்கொண்டார். பயனில்லை. மருந்து பட்ட விரல்கள் பத்தும் அதே காப்பி நிறம். சோப்பு, மண், மண்ணெண்ணெய் எல்லாம் போட்டுத் தேய்த்துப் பார்த்துத் தோற்றுப்போய்த்தான் வந்திருந்தார். அத்தை அவருடைய முதுகுப்பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, துருவிக்கும் மாப்பிள்ளைக்கும் ஒரே கிண்ணத்திலிருந்து எடுத்து வைத்திருக்கிறார்கள் போல என்றார். பிறகு அவரைக் கொல்லைக்குக் கூட்டிப்போய்க் கிணற்றுப் பலகையை நகர்த்தினார்.

உள்ளே தண்ணீர் இல்லை. ஊதா மை இருந்தது. பட்டு மாதிரி மினுமினுத்தது.

"அழகாத்தான் இருக்கு. நான் குடிச்சு நல்லாருக்குன்னு சொல்லணும், இல்லையா? தம்ளர் எடுத்துட்டு வரட்டுமா?"

எக்ஸ்பிரஸின் முகத்தில் அசடு வழிந்தது. அவருக்குப் பின்னால் வந்து நின்ற மனைவி கிணற்றை எட்டிப் பார்த்தாள், அவர் விரல்களைப் பார்த்தாள், வாயைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குள் ஓடினாள். அழுகிறாளோ என்று அவர் பதறினார். உள்ளேயிருந்து வந்தது சிரிப்பு. அடக்கப் பார்த்து, முடியாமல், பாத்திரம் உருண்டாற்போல வெளியே கொட்டிய சிரிப்பு. அவள் சிரித்து எத்தனை மாதமாயிற்று. இதற்காக இன்னும் ஒரு பெட்டியைத் துருவலாம் என்று எக்ஸ்பிரஸுக்குத் தோன்றியது. நல்லவேளை, சொல்லவில்லை.

மேடத்திடம் நீங்கள் சொல்கிறீர்களா, நான் சொல்லட்டுமா என்று அத்தை கேட்டார். எக்ஸ்பிரஸ்தான் போய்ச் சொன்னார். மேடம் கவிழ்த்து வைத்திருந்த வாளிமேல் உட்கார்ந்து முழுக்கக் கேட்டார். முதலில் கேட்டது கண்ணில் பட்டதா, கை எரிகிறதா என்றுதான். இல்லை என்றதும் பெருமூச்சு விட்டார். வீட்டுக் கிணறு எதிலும் நாங்களே கை வைக்க மாட்டோம், ஊதாவாக இருக்கிற வரைக்கும் உள்ளே என்ன இருக்கிறது என்று அளந்து பார்க்கவும் முடியாது, நிறம் போகட்டும் என்றார். கட்டைப் பெட்டிகளின் பக்கம் எக்ஸ்பிரஸ் தலைவைத்துப் படுக்கக்கூடாது என்று மேஸ்திரிக்கு உத்தரவு போனது. மேஸ்திரி அன்றைக்கே சந்து முழுவதும் சொல்லிவிட்டார். குழந்தைகள்கூட அவரைப் பார்த்தால் கையைக் காட்டச் சொன்னார்கள்.

ஊதா ரோஜாவானது. ரோஜா தேநீர் நிறமானது. அப்புறம் காப்பி நிறத்தில் ஏதோ அடியில் படிய, மேலே தண்ணீர் பழையபடி தெளிந்து நின்றது. மேடம் வந்து சின்னக் குப்பிகளில் தண்ணீர் பிடித்து, எங்கோ தொலைவில் இருந்த பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினார். பதில் வர வாரக்கணக்கில் ஆனது. அந்த வாரங்களில் எக்ஸ்பிரஸ் ஒரு சுற்று இளைத்தார்.

பதில் வந்தது. விஷம் இல்லை என்று இருந்தது.

இன்னொரு தடவை எடுத்துப் பார்க்க வேண்டும், இதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்துவிடாதீர்கள் என்று மேடம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே எக்ஸ்பிரஸ் சந்தின் பாதியில் இருந்தார். கையில் அந்தத் தாளின் நகல். எழுத்துக் கூட்டி ஒரே ஒரு வரியைப் படித்திருந்தார், அது போதும் அவருக்கு. வழியில் போன ஒரு வண்டியைப் பிடித்து மாமியார் வீட்டு வாசலில் நிறுத்தி, இதோ வந்துவிடுகிறோம், சாமான் ஒரே ஒரு பைதான் என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினார். சட்டைப் பொத்தானை மேலே ஒன்று கீழே ஒன்றாகப் போட்டிருந்தார்.

மனைவி தாளை வாங்கிப் படித்தாள். அம்மாவைப் பார்த்தாள். அத்தை கொல்லைக்குப் போய், பலகையை நகர்த்தி, வாளியை விட்டு ஒரு வாளி தண்ணீர் இழுத்தார். குடிக்கப் போகிறார் என்று எக்ஸ்பிரஸ் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். வாசலில் வண்டிக்காரர் ஹாரன் அடித்தார்.

அத்தை குடிக்கவில்லை. வாளியை முகத்துக்குக் கிட்டே தூக்கிக் கண்ணை மூடினார். மூச்சை நிதானமாக உள்ளே இழுத்தார்.

"வந்துடுச்சு மாப்ள" என்றார். "லேசாத்தான். ஆனா அதேதான்."

எக்ஸ்பிரஸின் நாக்கு நுனியில் அந்தப் பழைய மோப்ப நாய் வந்து வாலை ஆட்டிக்கொண்டு நின்றது. கையில் தாள் இருக்கிறது. தாளில் முத்திரை இருக்கிறது. வாசலில் வண்டி இருக்கிறது. இந்த வயதான மூக்கு ஒன்றுதான் குறுக்கே நிற்கிறது. வாயைத் திறந்தார். திறந்த வாயோடு மனைவியைப் பார்த்துவிட்டார். அவள் தாளையும் பார்க்கவில்லை, வாளியையும் பார்க்கவில்லை. அவருடைய வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அதிலிருந்து என்ன வரப்போகிறது என்று தெரிந்தவளாக, அதைக் கேட்பதற்கு முன்பே களைத்துப்போனவளாக நின்றாள்.

எக்ஸ்பிரஸ் வாயை மூடினார். வாளியை வாங்கித் தன் மூக்கை உள்ளே விட்டார். சிமெண்ட் தூசியிலேயே பாதி ஆயுளைக் கழித்த மூக்கு அது. அதற்கு ஒன்றும் தெரியவில்லை. இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தார். மூக்கு நுனி நனைந்ததுதான் மிச்சம்.

"எனக்கு ஒரு மண்ணும் தெரியல" என்றார். "ஆனா போன தடவையும் அத்தை சொன்னதுதான் சரியா இருந்துச்சு. நான்தான் சிரிச்சுட்டுத் திரிஞ்சேன்."

வாளியைக் கீழே வைத்தார். தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் போட்டார். வாசலுக்குப் போய் வண்டிக்காரரைப் போகச் சொன்னார். வண்டிக்காரர் திட்டியதையும் நின்று முழுசாகக் கேட்டுக்கொண்டார். ஒருவர் பேசி முடிக்கும் வரைக்கும் எக்ஸ்பிரஸ் நின்று கேட்டது அன்றைக்குத்தான் என்று பக்கத்து வீட்டில் இன்றும் சொல்கிறார்கள்.

பிறகு மேடத்திடம் போனார். அத்தைக்கு வாடை வருகிறதாம், விஷம் திரும்பி வந்துவிட்டது, குப்பியை எடுத்துக்கொண்டு வாருங்கள் என்றார். மூக்கை நம்பியா என்று மேடம் கேட்பார், கேட்டால் சண்டை போடலாம் என்று தயாராக இருந்தார். மேடம் கேட்கவில்லை. இது நடக்கும் என்று எதிர்பார்த்துத்தான் இன்னொரு தடவை எடுக்கணும் என்றேன், நீங்கள்தான் நிற்கவில்லை என்றார். ஓரத்தில் கிடந்த களிமண் கட்டி ஒன்றை எடுத்து எக்ஸ்பிரஸின் உள்ளங்கையில் வைத்தார். துளை போடும்போது அடியிலிருந்து வந்தது, வெண்ணெய் மாதிரி வழவழப்பு. நீங்கள் ஒரே நாளில் போட்ட மருந்து தண்ணீரில் இருந்ததைத் தின்றுவிட்டுத் தீர்ந்துபோனது, இதற்குள் இருப்பது அதற்கப்புறம்தானே வெளியே வரும் என்றார். எக்ஸ்பிரஸ் அந்தக் கட்டியை அமுக்கிப் பார்த்துக்கொண்டே நின்றார். அவருக்கு ஏனோ மோப்ப நாய் ஜோக்கை மாமியார் எதிரிலேயே மூக்கைத் தொட்டுக் காட்டிய நாள் நினைவுக்கு வந்தது. கிணற்றை மூடிய மறுநாளே அதற்கு மன்னிப்புக் கேட்டுத் தீர்த்துவிட்டதாக நினைத்திருந்தார். ஒரு பெரிய பை நிறையப் பழம் வாங்கிக்கொண்டுபோய்.

அன்று சாயங்காலம் வேலை முடிந்து கை கழுவிக்கொண்டிருந்தவரைத் தேடி மனைவியே குழாய் வரிசைக்கு வந்தாள். மேஸ்திரி பெரிய மனிதர்போல முகத்தைத் திருப்பிக்கொண்டார். காதைத் திருப்பிக்கொள்ளவில்லை.

"நாளைக்கு உங்க துணியையும் எடுத்துட்டு இங்க வந்துடுங்க" என்றாள். "அம்மாவுக்குத் தண்ணி தூக்கி என் தோள் கழண்டு போச்சு."

"கிணறு சரியாகணும்னு சொன்னியே. அதுக்கு ரொம்ப நாளாகும்கிறாங்க."

"ஆகட்டுமே. உங்களுக்கு ஏதாவது அவசரமா?"

மேஸ்திரிக்குத் திடீரென்று இருமல் வந்தது.

அப்படியாக எக்ஸ்பிரஸ் வீட்டோட மாப்பிள்ளை ஆனார். வேலையிடத்தில் அதை வைத்து ஓட்டாதவர்கள் பாவம் செய்தவர்கள். காலையில் வந்ததும், மாமியார் வீட்டுச் சாப்பாட்டில் வயிறு எவ்வளவு முன்னேறியிருக்கிறது என்று அளந்து பார்க்க ஒருவர் கயிற்றோடு நிற்பார். எக்ஸ்பிரஸ் கண்டுகொள்வதில்லை. விடிந்ததும் தெருமுனையிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் தூக்கி வைத்துவிட்டு வருகிறவருக்கு வாய்ச்சண்டை போடத் தெம்பு ஏது? ஓடிவந்தால் தண்ணீர் தளும்பிப் பாதி தெருவுக்குப் போய்விடுகிறது என்று முதல் நாளே தெரிந்துகொண்டார். இரண்டாம் நாள் நடந்து வந்தார்.

மனைவி இப்போது அவரை வாங்க உக்காருங்க என்பதில்லை. காலை எடுங்க, கூட்டணும் என்கிறாள். கேட்கக் கேட்க அவருக்கு இனிக்கிறது.

புதிதாக எடுத்த தண்ணீரின் பதிலும் வந்தது. அத்தையின் மூக்கு சொன்னபடிதான் இருந்தது. மேடம் கடைசி வீட்டுக்குப் பக்கத்தில் இன்னும் ஒரு குழாய் இறக்க வைத்தார். அதில் கட்டை இறக்கும் வேலையை, இரண்டு கையிலும் கையுறை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, எக்ஸ்பிரஸிடமே கொடுத்தார். அவர் கயிற்றைச் சாணளவாக விட்டு விட்டு இறக்கினார். மறுநாள் இழுத்துப் பார்க்கவில்லை. அதற்கும் மறுநாள் ஒரே ஒரு தடவை இழுத்துப் பார்த்தார், அதை யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

சமையலறையில் அந்தத் துருவி இன்னும் தொங்குகிறது. கேரட்டுக்கு வேறு ஒன்று வந்துவிட்டது. இதை அத்தை வேண்டுமென்றே மாப்பிள்ளை உட்காருகிற இடத்துக்கு நேர் எதிரே, ஆணியை இடம் மாற்றி மாட்டி வைத்திருக்கிறார். நேற்றும் அவர் தேநீரை வாங்கிய வேகத்தில் ஒரு வாய் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டார். அத்தை துருவியைப் பார்த்தார்.

எக்ஸ்பிரஸ் தம்ளரைக் கீழே வைத்து, ஆவி போகட்டும் என்று உட்கார்ந்திருந்தார்.